வெடிக்கு அசையாத நாய்

என் ராஜபாளையம் நாய் வெள்ளச்சி போட்ட குட்டிகளில் பாதிக்குக் காது கேட்காது. காரணம் கண்டுபிடிப்பதாகச் சொல்லி, போன வருடம் கால்நடைக் கல்லூரிப் பெண் ஒருத்தி ரத்தம் எடுத்துப் போனாள்.

இன்று சாத்தூர் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் யாரையும் மறப்பதில்லை.

"ஏ தாயி, பதில் சொல்றேன்னு போனவளை ஆளையே காணோம்?"

"பாட்டி, அது பரம்பரையா வர்றது. எந்த ஜீனுன்னு பாக்குறதுக்குள்ள ஆராய்ச்சிக்குக் குடுத்த பணம் நின்னுபோச்சு. எடுத்த ரத்தமெல்லாம் ஐஸ்பெட்டியிலயே கெடக்கு."

"பணம் நின்னா நாய் குட்டி போடாம நிக்குமாக்கும்?"

சிரித்துவிட்டு, "அப்பன் நாய் எது?" என்று கேட்டாள்.

"ஏழாயிரம்பண்ணையில எங்க சம்பந்தகாரர் வளக்குறது. பட்டாசுக் கம்பெனியில வெடி போட்டுப் பாக்கையில ஊரு நாயெல்லாம் ஓடும், அது மட்டும் அசையாது. அம்புட்டு வீரம்னுதான் சேத்துவிட்டோம்."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதுக்கும் காது கேக்காது போல பாட்டி."

அந்த நாயைக் காட்டிச் சம்பந்தகாரர் மீசை முறுக்கியது என் கண்ணிலேயே நிற்கிறது. வேன்காரன் ஹார்ன் அடித்தும் விலகத் தெரியாமல் செத்த குட்டியைப் புதைத்தது நான்.

வெள்ளச்சிக்கு மறுபடியும் இணை சேர்க்கும் பருவம் வந்துவிட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் வரும்வரை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள் வீட்டில் வெடிச்சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும் ஆண் நாய் இருந்தால் சொல்லுங்கள். எவ்வளவு பயந்தாங்கொள்ளியோ அவ்வளவு நல்லது.