அப்பாவின் ரா ஃபைல்

கச்சிராயபாளையத்தில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தோம். பள்ளியில் ஒரே பெஞ்ச். படம் எடுப்பது நான்; கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்துவது அவன். காதுகுத்தோ கல்யாணமோ, முடிந்ததும் கேமராவின் மெமரி கார்டை அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். எல்லாவற்றையும் இறக்கி, கார்டை அழித்து, காலையில் திருப்பித் தருவான். எனக்கு வேண்டிய படம் வாட்ஸப்பில் வரும். எனக்கென்று ஒரு நகல் கேட்டதில்லை. கூட்டாளியிடம் கேட்பார்களா?

ரா ஃபைலில் எடுக்கச் சொன்னதே அவன்தான். கேமரா பார்த்ததையெல்லாம் அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது, இடத்தைத்தான் அடைக்கும். ஜேபெக் சின்னது, கேமராவே சமைத்துக் கொடுத்துவிடும். "ரா மாவு மாதிரிடா. ஜேபெக் சுட்ட தோசை. கருகிப்போன தோசைய திரும்ப மாவாக்க முடியுமா?" என்பான். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

அப்பா கரும்பு வெட்டுகிறவர். ஒரு நாள் காலையில் வெட்டு நடக்கும் வயலுக்கே போய் அவரை எடுத்தேன். பின்னால் கல்வராயன் மலை, அதன் மேல் கண் கூசும் வானம். அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இன்னாடா, வேல செய்ய உடமாட்டியா?" என்று சிரித்தார். வானம் வெளுத்துவிடக் கூடாதென்று வெளிச்சத்தைக் குறைத்து எடுத்ததில் முகம் இருட்டாக விழுந்தது. ராவில் இருக்கிறதே, பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்ற தைரியம்.

பொங்கல் கழிந்து, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த அப்பா எழவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும். ஊர் முழுக்கப் படம் எடுத்தவன் வீட்டில் அப்பாவுக்கு வேறு நல்ல படம் இல்லை. கூட்டாளிக்கு போன் போட்டேன்.

"ஹார்ட் டிஸ்க் பூட்ச்சிடா. ரா எல்லாம் காலி. சின்ன ஜேபெக் ஒண்ணுதான் இருக்குது. இப்போதிக்கு அத வச்சி சமாளி" என்றான்.

அதைப் பேனர் அளவுக்கு இழுத்ததும் கட்டம் கட்டமாக உடைந்தது. இருட்டைப் போக்கினால் சாம்பல் பூத்தது. அப்பா தெருமுனையில் முகமில்லாமல் நின்றார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், "செத்தது யாருங்க?" என்று பேனருக்குக் கீழேயே நின்று கேட்டார்கள். பாடைக்கு அவனும் தோள் கொடுத்தான். என்னைவிட அதிகமாக அழுதான்.

சில மாதம் கழித்து கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி. போட்டியில் அவனுக்குத்தான் முதல் பரிசு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பயல் சொல்லவே இல்லையே என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாழ்த்தப் போனேன்.

நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அப்பா. ஆள் உயரத்துக்கு. நரைத்த முள்தாடி, அதில் ஒட்டியிருந்த கரும்புச் சோகைத் துணுக்கு, சிரிப்பில் தெரியும் உடைந்த பல், எல்லாம் பளிச்சென்று. கீழே எடுத்தவர் என்று அவன் பெயர். படத்துக்குத் தலைப்பு, 'பெயர் தெரியாத தொழிலாளி'. மாமா மாமா என்று அப்பாவின் தட்டிலேயே கைவைத்துத் தின்றவன் அவன்.

அவனைத் தனியே இழுத்துப் போனேன்.

"நீ கேக்கறதுக்கு முன்னயே போட்டிக்கு அனுப்பிட்டேன்டா. பேனர்ல பளிச்சினு வெளிய வந்த படம்னா போட்டிலேர்ந்து தள்ளிடுவானுங்க. அதான் ஹார்ட் டிஸ்க் போச்சின்னேன்."

"செத்த மனுசன் மூஞ்சிய மறைச்சி வச்சியேடா! ராவக் குடு."

"இப்ப குடுத்தா எனக்குத்தான் கேவலம். ரா வச்சிக்கினு இருக்கறவன்தான் எடுத்தவன்னு ரூல்ஸ். நீ யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க" என்றான்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, இதுதான் அது. அவன் பரிசு வாங்கியதற்காகச் சொல்லவில்லை. அந்த முகம் அவனிடம் இருந்தபோதே எங்களை ஒரு கறுப்புக் கட்டத்துக்கு முன்னால் அழவைத்தானே, அதற்காக.

திரும்பிப் பார்த்தேன். அம்மா படத்துக்கு அருகில் போய் அப்பாவின் கன்னத்தைத் தொடக் கை நீட்டியிருந்தாள். "தொடாதீங்கம்மா, கறை படும்" என்றாள் அங்கே நின்றிருந்த பெண். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். கீழே எழுதியிருந்ததை அவளால் படிக்க முடியாது.

என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்: "அவன்கிட்ட சொல்லி இதுமாதிரி ஒண்ணு வாங்குடா. நம்ம வூட்டுப் புள்ளதானே, இல்லன்னா சொல்லப் போறான்?"