நண்பனுக்குப் போட்ட ‘ங்க’

1967-ஆம் ஆண்டு, மார்ச் மாதம். தேர்தல் முடிந்து ஆட்சி மாறியிருந்த நேரம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். பக்கத்து மேசையில் துணி வெட்டியவன் என் நெருங்கிய நண்பன். மாதா கோயில் பாடற்குழுவிலும் அவன் என் பக்கத்தில்தான் நிற்பான். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

கம்பெனியில் தொழிற்சங்கம் தொடங்கும் எண்ணம் எனக்கு இருந்தது. அவனிடம் மட்டும் சொன்னேன். முதலாளி மெஷினுக்கு எண்ணெய் விடுவார், மனுசனுக்குத் தண்ணி விடமாட்டார் என்று கேலியும் செய்தேன். சேர்ந்து சிரித்தோம்.

இரண்டு நாள் கழித்து முதலாளி கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

“ஏனுங்க, மெஷினுக்கு எண்ணெய் விடறவன் மனுசனுக்குத் தண்ணி விடமாட்டானாமுங்களா? நாளையிலிருந்து வேற பக்கம் போய்க் குடிச்சுக்குங்க.”

வேலை போனதைவிட, என் கேலி அவர் வாயில் வந்ததுதான் வலித்தது. காட்டிக்கொடுத்தது யாரென்று வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நான் சண்டை போடவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் “வாங்க, சௌக்கியமுங்களா?” என்றேன். எங்கள் கொங்குப் பக்கத்தில் முன்பின் தெரியாதவருக்கும் ‘ங்க’ உண்டு. ‘வாடா, போடா’ என்று பழகியவனுக்கு அதைப் போட்டால் உறவு முடிந்தது என்று பொருள். கோபப்படாமல் மன்னித்துவிட்டதாகவே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

19-ஆம் தேதி குருத்து ஞாயிறு. கோயில் வாசலில் குருத்தோலையோடு நின்றபோது அவன் அருகில் வந்தான்.

“நாலு சாத்து சாத்தியிருந்தாக்கூடப் பரவால்லடா. இந்த ‘ங்க’ மட்டும் வேண்டாம்டா.”

“பூசைக்கு நேரமாச்சுங்க” என்று உள்ளே போய்விட்டேன்.

அன்று பூசையில் இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசித்தார்கள். முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்க வந்த யூதாசை இயேசு ‘நண்பா’ என்று அழைக்கும் இடம் வந்தது. ஆண்டுதோறும் கேட்ட வாசகம்தான். அன்று நெஞ்சில் குத்தியது. யூதாஸ் வந்த காரியம் அவருக்குத் தெரியும். அதை அவர் மூடி மறைக்கவும் இல்லை. ஆனால் அழைக்கும் பெயரை மாற்றவில்லை. நான் மாற்றியிருந்தேன்.

பூசை முடிந்ததும் அவனைத் தேடிப் போனேன். நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“டேய், நீ பண்ணுனது துரோகம். இனி எந்த ரகசியமும் உங்கிட்டச் சொல்லமாட்டேன். ஆனா நீ எனக்குச் சிநேகிதன்தான்.”

அவன் தலையைத் தூக்கவில்லை. சங்கம் வந்தால் தன் வேலையும் போய்விடும், பிரசவ நேரத்தில் என்ன செய்வது என்று பயந்துவிட்டதாகச் சொன்னான். பயம் புரிந்தது. அதற்காக, செய்தது சரியென்று நான் சொல்லவில்லை.

பிறகு சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை தேடிக்கொண்டேன். அவன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றது நான்தான்.

இன்றும் யாராவது என் நம்பிக்கையைக் கெடுத்தால், முன்பு அழைத்த பெயராலேயே அழைத்து, செய்ததை முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிறேன். பழைய பெயரால் அழைக்க மனம் ஒப்பாத நாளில், இன்னும் பிடிவாதமாக அப்படியே அழைக்கிறேன்.