அப்பாவின் குடலில் பார்க்காத இடம்

"நீ மறுபடியும் பாத்தா மட்டும் இருக்கறது தெரிஞ்சிருமா? டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு."

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் மல்லாவி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்துகொண்டு அப்பா இப்படிக் கேட்டார். மயக்க ஊசியின் தூக்கம் இன்னும் அவர் கண்ணில் இருந்தது. பக்கத்தில் அம்மா சந்தோஷமாக இருந்தார். எனக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் வரவில்லை.

வவுனியாவில் ஒரு மருத்துவமனையில், குடலைக் கமராவால் பார்க்கும் அறையில் நான் தாதியாக வேலை செய்கிறேன். மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டி வயல் செய்த குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்தியர் என்னிடம், "மிஸ், நீங்களும் திரையைப் பாருங்கோ. நான் காணாததைக் கண்டால் உடனே சொல்லுங்கோ. பிழையெண்டாலும் பரவாயில்லை" என்றார். குடலில் வரும் முளைகள் எல்லாம் காளான்போல எழுந்து நிற்பதில்லை. சில சுவரோடு சுவராகப் படுத்திருக்கும். மேலே சளி படிந்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் மெல்லிய இரத்தக் குழாய்களின் கோடுகள் மறைந்திருக்கும். அவை புற்றாக மாறப் பல வருடங்கள் எடுக்கும். அதற்கு முன் கண்டால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். கமராவை மெதுவாக வெளியே இழுத்து, ஆளைப் புரட்டி, தண்ணீர் அடித்துக் கழுவி, ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். ஒருநாள் அப்படி ஒன்றை நான் முதலில் கண்டு, "டொக்டர், கொஞ்சம் திரும்பிப் போங்கோ" என்றேன். அது அங்கே இருந்தது. அன்று சைக்கிளில் பாடிக்கொண்டே என் வாடகை அறைக்குத் திரும்பினேன்.

சித்தப்பா இந்த நோயில்தான் போனார். கண்டுபிடித்தபோது ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. அப்பாவுக்கு வலி, வருத்தம் ஒன்றும் இல்லை. இல்லாதபோதே பார்க்க வேண்டும் என்று நான்தான் நச்சரித்துக் கூட்டி வந்தேன்.

பரிசோதனைக்கு முதல்நாள் சாப்பாடு கூடாது, மருந்துத் தண்ணீரும் வெறும் தேத்தண்ணீரும் இளநீரும்தான் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். அம்மா அதை விரதம் என்று விளங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் கந்தசஷ்டிக்குச் சோறு இல்லை, பழம் உண்டு. வீட்டு வளவில் பழுத்த கொய்யாவை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் அப்பாவின் குடலைக் காட்டிய திரையில் நான் முதலில் கண்டது கொய்யா விதைகளைத்தான். வைத்தியர் கழுவக் கழுவ, விதையும் சக்கையும் உறிஞ்சும் குழாயை அடைத்தன. பெருங்குடல் தொடங்கும் வலப்பக்கத்தில் சுவரே தெரியவில்லை. தட்டையான முளைகள் கண்ணுக்குத் தப்பிவிடும் இடம் அதுதான்.

"பார்த்த இடத்தில ஒண்டும் இல்லை ஐயா. பார்க்கேலாத இடம் இருக்கு, திரும்ப வரவேணும்" என்றார் வைத்தியர். அரைத் தூக்கத்தில் கிடந்த அப்பாவுக்கு முதல் வசனம் போதுமாயிருந்தது. அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு எனக்கு நிம்மதி இல்லை. வேறு யாருடைய குடலைத் திரையில் பார்த்தாலும் அப்பாவின் மூடிக்கிடந்த வலப்பக்கம்தான் ஞாபகம் வந்தது. "அப்பா கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்காரு" என்று அம்மா தொலைபேசியில் சொன்ன அன்றே எங்கள் பொறுப்புத் தாதி பெரிய மிஸ்ஸிடம் லீவு கேட்டேன்.

லீவு கிடைத்ததும் வீட்டுக்குப் போனேன். அப்பா வாய்க்கால் வெட்டிவிட்டு வந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, திரும்பச் செய்யோணும்."

"ஏன், போன வாட்டி கமராவ உள்ளாறயே மறந்துட்டீங்களா?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பகிடி விடாதேங்கோ. சித்தப்பாவுக்கும் கடைசி மட்டும் ஒண்டும் தெரியேல்லைத்தானே."

அப்பாவின் சிரிப்பு நின்றது. கழுவிய மண்வெட்டியையே மறுபடியும் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பெத்த மக முன்னால அப்பிடிக் கெடந்தேன்ல. மறுபடியும் முடியாது, பிள்ள."

அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அறையில் நான் திரையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் உள்ளுக்கு வராட்டி?"

மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். "நீ வரலன்னா வரேன்."

"அம்மா, இந்த முறை கொய்யாப்பழம் குடுக்கக்கூடாது."

"அப்ப பப்பாசிப்பழம்?"

"ஒரு பழமும் இல்லை!"

வாக்கைச் சுலபமாகக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பயம் பிடித்தது. வைத்தியர் ஒரு மடிப்பைக் கடந்து போய்விட்டால்? என் கண் அங்கே இல்லாமல் அது தப்பிவிட்டால்?

இப்போது அப்பா நெளுக்குளத்தில் என்னுடைய வாடகை அறையில் இருக்கிறார். பழம் எதுவும் வாய்க்குப் போகாமல் இருக்க, முன்கூட்டியே கூட்டி வந்துவிட்டேன். மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சவக்காரத் தண்ணியா இது?" என்று சோப்பு நுரையைக் குடித்தவர்போல முகத்தைச் சுளிக்கிறார்.

முன்பு எங்கள் அறையில் வேலை செய்து, இப்போது குழந்தைகள் வார்டில் இருக்கும் சிநேகிதி ஒருத்தியோடு நாளைய வேலைக் கடமையை மாற்றியாயிற்று. திரைக்கு முன்னால் அவள் நிற்பாள்.

"வலப்பக்கத்துக்கு ரெண்டாந்தரமும் போகச் சொல்லு. சளி கிடந்தால் கழுவச் சொல்லு. நீ வாயைத் திறக்கோணும்."

"எனக்குப் பாடம் எடுக்காதையடி. நீ போய்க் குழந்தைப் பிள்ளையளைப் பார்."

பெரிய மிஸ்ஸும் சம்மதித்துவிட்டார். காலையில் அப்பாவை அந்தக் கமரா அறை வாசலில் விட்டுவிட்டு நான் குழந்தைகள் வார்டுக்குப் போகிறேன்.