ரோசம்மா பெரியம்மாவின் சிரிப்பு

படம் தொடங்குமுன் திரைக்குப் பின்னாலிருந்த ஒலிபெருக்கியில் வரும் அந்தக் ‘கரகர’ சத்தத்தை மழை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறைதோறும் ஒரு பழைய சிரிப்புப் படம் போடுவார்கள். முதல் சுருள் தொலைந்துபோனதால் அதற்குப் பெயர் கிடையாது; நடித்தவர்கள் யாரென்று பெரியவர்களுக்கே தெரியாது. பேசும் படம் வந்த புதிதில் எடுத்தது. ஒளித்துவைத்த மைக்கைப் பார்த்தபடியே காதலன் காதலியிடம் பேசுவான், அரண்மனைக்குள் காக்கை கரையும், வெளியே துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அதுவும் கதையில் சேர்ந்துகொள்ளும். எந்த ஊர், எந்தக் காலம் என்று தெரியாத அந்த உலகத்தில் நான் கண் திறந்தபடியே கனவு கண்டுகொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டில் இருந்த, மீன் விற்கும் ரோசம்மா பெரியம்மா அந்தப் படத்தில் தானும் இருப்பதாகச் சொல்வார். அவர் கணவர் ஸ்டுடியோவில் தச்சர். கல்யாணமான புதிதில் அவருக்குச் சோறு கொண்டுபோன பெரியம்மா, படப்பிடிப்பில் ஜமீன்தார் வேடக்காரர் பாயச அண்டாவுக்குள் விழுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். அப்போதெல்லாம் படமும் சத்தமும் ஒன்றாகவே பதிவாகும்; ஃபிலிம் வீணாகுமே என்று அப்படியே விட்டுவிட்டார்களாம்.

“மூஞ்சி இல்லாங்காட்டி இன்னா? என் சிரிப்பு கீது,” என்பார்.

தெருவில் யாரும் நம்பவில்லை. “வுட்டா படமே நான்தான் எடுத்தேன்னு சொல்லுவே போலக்கீதே யக்கா,” என்று துறைமுகத்து ஆட்கள் கிண்டலடிப்பார்கள். கணவரும் போய், பிள்ளையும் இல்லாத அவருக்கு அது சுருக்கென்று தைக்கும் என்பது எனக்குத் தெரியும். படத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் பார்த்துவிடுவோமே என்றால், ஜமீன்தார் விழுந்ததும் மண்டபமே சிரித்துக் கூரை அதிரும். திரையிலிருந்து எதுவும் காதில் விழாது.

ஒரு வருடம் பெரியம்மா எழுந்து நின்று, “அந்த எடத்துல மட்டும் அல்லாரும் வாயை மூடிகினு இருங்கப்பா,” என்று கும்பிட்டார். சரியென்று ஆளாளுக்குப் புடவைத் தலைப்பையும் துண்டையும் வாயில் திணித்துக்கொண்டார்கள். ஜமீன்தார் அண்டா விளிம்பில் கால் வைத்தபோது மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவர் விழுந்ததும் முதலில் சிரித்தது பெரியம்மாதான். பிறகு யாரால் அடக்க முடியும்?

“போச்சு, நானே கெடுத்துக்கினேன்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுவில் விக்கி, மறுபடியும் சிரித்தார்.

இன்று அந்த மண்டபம் இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. பெரியம்மா போய்ச் சேர்ந்தும் வெகுகாலமாகிறது. போன மாதம் யாரோ அந்தப் படத்தை, பெயரில்லாமலேயே, இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். மதியம், வீட்டில் நான் மட்டும். ஜமீன்தார் விழுந்தார். தனியாக இருந்ததாலோ என்னவோ எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதனால் தெளிவாகவே கேட்டது: அடக்கப் பார்த்து முடியாமல், நடுவில் விக்கி, மறுபடி தொடங்கும் ஒரு பெண்ணின் சிரிப்பு. “நீதான் பெரியம்மா,” என்று வாய்விட்டுச் சொன்னேன். கூப்பிட்டுக் கேட்கவைக்கலாமென்றால், அவரைக் கிண்டலடித்தவர்களில் ஒருவரும் மிச்சமில்லை.