பேய்களுக்குக் கொடுக்காத இருட்டறை

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பு என்ன செய்யப்போகிறது என்று ரீச்சர் கேட்டு முடிக்க முதலே நான் எழும்பி, "அணுவைக் காட்டுவம், ரீச்சர்" என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் யோசிப்பதற்குள் சொல்லிவிடுவது என் பழக்கம். அதை மாற்றும் எண்ணம் இன்றைக்கும் இல்லை.

"படமோ?" என்றார் ரீச்சர்.

"படமும் இருக்கும். ஆனா அணுவுக்குள்ளை இருந்து வாற துணிக்கை, அந்தப் பொடித் துகள், போன தடத்தைக் கண்ணாலையே காட்டுவம். இருட்டறை மட்டும் வேணும்."

சிக்கல் அந்த இருட்டறையில்தான். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் யன்னல் இல்லாமல் இருந்த ஒரே அறை அது. வணிகப் பிரிவுப் பிள்ளைகள் பேய் வீடு நடத்துவதற்கு அதை முன்பே கேட்டிருந்தார்கள். ரீச்சர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார். கண்காட்சியன்று வாசல் திறக்க முதல் தானே வந்து பார்ப்பார். தடம் தெரிந்தால் அறை எங்களுக்கு, தெரியாவிட்டால் பேய்களுக்கு.

"உங்கடை அணு வராட்டி எங்கடை பேய் வரும்" என்றாள் பேய்களின் தலைவி.

என்னோடு சேர்ந்தவள் குருநகர்ப் பிள்ளை. அவளுடைய அப்பா கடற்தொழில் செய்பவர், என்னுடைய அப்பா உடுவிலில் தோட்டம் செய்பவர். நான் கதைத்துக்கொண்டே இருப்பேன், அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். வகுப்பில் இதைவிடப் பொருத்தமான சோடி கிடையாது.

கருவி எளிமையானது. கண்ணாடி மீன்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம். உச்சியில் ஸ்பிரிட்டில் நனைத்த கம்பளித் துணி, அடியில் கறுப்புத் தகடு, தகட்டுக்குக் கீழே உலர்பனி. மேலிருந்து இறங்கும் ஸ்பிரிட் ஆவி அடியில் கடுமையாகக் குளிர்ந்து, துளியாக மாற ஒரு சாட்டுக்குக் காத்திருக்கும். மின்னேற்றமுள்ள துணிக்கை ஒன்று அதை ஊடறுத்துப் போனால், போன வழியெல்லாம் நுண்ணிய துளிகள் கட்டும். விமானம் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் போன பிறகும் வானத்தில் வெள்ளைக் கோடு நிற்பதில்லையா, அதேபோல.

கண்காட்சிக்கு முதல்நாள் உலர்பனிக்கு நெல்லியடிக்குப் போனோம். கலியாண மண்டபங்களில் மாப்பிள்ளை பொம்பிளை நடந்து வரும்போது காலடியில் புகை விடுகிற அண்ணை ஒருவர் அங்கே இருந்தார்.

"ஆருக்குக் கலியாணம், பிள்ளையள்?"

"அணுவுக்கு, அண்ணை."

"அப்ப சாப்பாட்டுக்கு எங்களுக்கும் சொல்லிவிடுங்கோ" என்று சிரித்தபடி அள்ளிப் போட்டார். அவள் கொண்டுவந்தது தகப்பனின் மீன்பெட்டி. பஸ்ஸில் அது புகைந்துகொண்டும் மணந்துகொண்டும் வந்தது.

இனித் துணிக்கை வீசும் பொருள் ஒன்று வேண்டும். பெற்றோமக்ஸ் விளக்குக்குள் கட்டும் வெள்ளை வலைப்பையில் தோரியம் இருக்கும் என்று இணையத்தில் வாசித்திருந்தேன். பருத்தித்துறைச் சந்தைக் கடையொன்றில் புதிதாக ஒன்று வாங்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இருட்டறைக்குப் போகும் நடையில் சுவரோரமாக அணுவின் கதையை வரிசையாக வைத்தேன். முதலில் பிள்ளைகள் உருட்டி விளையாடும் போளை ஒன்று. இனி உடைக்க முடியாத சின்ன உருண்டை என்று இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொன்ன அணு. அதற்கடுத்துப் பிளம்ஸ் போட்ட உண்மையான கேக் துண்டு. உடைக்க முடியாததற்குள்ளும் எலக்ட்ரான் எனப்படும் இலத்திரன் இருக்கிறது, கேக்கில் பிளம்ஸ் பதிந்திருப்பதுபோல என்று அடுத்து வந்தவர் நினைத்தார். அவருடைய மாணவரே அந்தக் கேக்கைக் கவிழ்த்தார். மெல்லிய பொன் தகட்டில் துணிக்கைகளைப் பாய்ச்சியபோது அநேகமானவை நேரே போய்விட்டன. எங்கோ ஒன்றிரண்டு மட்டும் வந்த வழியே திரும்பின. நடுவில் மிகச் சிறிய, கனத்த கரு ஒன்று இருந்தால்தான் அப்படித் திரும்பும். மூன்றாவதாக அந்தப் படம். அதற்குப் பிறகு கருவைச் சுற்றி இலத்திரன்கள் கோள்களைப்போல ஓடும் படம். கடைசியில், இலத்திரன் இன்ன இடத்தில் என்று சொல்ல முடியாது, இருக்கக்கூடிய இடம் ஒரு முகில் என்கிற படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் எழுதினேன்: இதுவே அணு.

அவள் அதை வாசித்தாள். "முந்தினவையும் உப்பிடித்தானே நினைச்சிருப்பினம்?"

"அவை பிழைவிட்டவை. இது சரி."

"ம்" என்றாள். பிறகு, "எடியே, ஒரு இலத்திரனைத் திண்டிட்டன்" என்றாள். கேக்கில் ஒரு குழி தெரிந்தது.

கண்காட்சிக் காலை. டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் பார்த்தோம். அடியில் ஸ்பிரிட் தூறல் நன்றாக விழுந்தது. வலைப்பையிலிருந்து கட்டையான, தடித்த கோடுகள் பாய வேண்டும். ஒன்றும் பாயவில்லை. பையைத் திருப்பி வைத்தேன், ஸ்பிரிட் கூட்டினேன், அம்மாளாச்சியையும் கூப்பிட்டேன்.

"உதிலை ஒண்டு போச்சு" என்றாள் அவள்.

"பைக்குக் கிட்டவோ?"

"இல்லை, அங்காலை மூலையிலை. நூல் மாதிரி."

"அது துணித் தும்பு. நீ பையைப் பார்."

பையைப் பார்த்தோம். வெளியே பேய்கள் கதவில் தட்டின. "என்னடி, அணு இன்னும் நித்திரையோ?" நான் போனை எடுத்துத் தேடினேன். தோரியம் பழைய பைகளில்தான் இருந்ததாம். இப்போது செய்கிற அநேகமான பைகளில் அதை விட்டுவிட்டார்களாம்.

"முடிஞ்சுது" என்றேன். "அறையைக் குடுப்பம்."

அவள் பையை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தொட்டியைத் திரும்பவும் கவிழ்த்து மூடினாள். "இப்ப பார்."

"என்னத்தைப் பார்க்கிறது? உள்ளுக்கை ஒண்டும் இல்லையே."

"அதுக்குத்தான் பார்."

திறந்ததில் கலைந்த ஆவி அடங்கி, தூறல் திரும்ப விழும்வரை இருந்தோம். அப்போது தொட்டியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வெள்ளை நூல் ஒன்று விழுந்து, மெல்லக் கலைந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"பை வெளியிலை கிடக்குது" என்றாள். "அப்ப உதை ஆர் கீறுறது?"

விடை எனக்குத் தெரிந்ததுதான், பாடமாகவே தெரியும். விண்வெளியிலிருந்து வரும் துணிக்கைகள் மிக உயரத்தில் காற்றின் அணுக்கருக்களில் மோத, அதில் பிறந்தவை மழையாக இறங்கி, கூரையையும் எங்களையும் துளைத்துக்கொண்டு போகின்றன. அவற்றில் மியுவோன் என்று ஒன்று. சாதாரண அணுவில் அதற்கு இடமே கிடையாது. நடையில் நான் வரிசையாக வைத்த ஐந்து அணுவில் ஒன்றிலும் அது இல்லை. பொன் தகட்டுக்காரர்கள் எதிர்பார்த்த பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் கருவே அகப்பட்டிராது என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவள் நான். இங்கே நான் பையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

ரீச்சர் உள்ளே வந்தார். பின்னால் வெள்ளைச் சீலையும் தக்காளி சோஸ் இரத்தமுமாகப் பேய்த் தலைவி.

"எங்கை உங்கடை தடம்?"

"ரீச்சர், சொன்ன தடம் வரேல்லை. பை சரியில்லை. வேறை ஒண்டு வருது. கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தார். தூறல் மட்டும் விழுந்தது. அவள் பக்கத்தில் நின்று, "மாதாவே, ஒண்டே ஒண்டு" என்று முணுமுணுத்தாள்.

தொட்டிக்கு நடுவால் நீளமாக ஒன்று கீறிப் போனது.

"ஐயோ, அதென்னடி!" என்று கத்தியது பேய்தான்.

நான் விளக்கம் சொன்னேன். இந்த முறை நிதானமாக.

"இப்ப எனக்குள்ளாலையும் போகுதோ?" என்றாள் பேய்.

"ஓம். சீலைக்குள்ளாலையும்."

ரீச்சர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேய் வீட்டைச் சைக்கிள் கொட்டிலிலை வையுங்கோ. சாக்குக் கட்டினா இருட்டாகும்" என்றார். பிறகு, "இன்னொண்டு வரட்டும், பார்த்திட்டுப் போறன்" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

வாசல் திறக்கும் மணி அடித்தது. நான் மாக்கரை எடுத்துக்கொண்டு நடைக்கு ஓடினேன். ஐந்தாவது படத்தின் கீழே, 'இதுவே அணு'வுக்கு முன்னால் அதே கொட்டை எழுத்தில் 'இப்போதைக்கு' என்று சேர்த்தேன். அதற்குப் பக்கத்தில், அடுத்த படத்துக்கு இடமாக, ஒன்றும் எழுதாத வெறும் மட்டை ஒன்றையும் ஒட்டினேன்.

அவள் வந்து இரண்டையும் பார்த்தாள். "இப்ப சரி" என்று சொல்லி, இன்னொரு இலத்திரனைப் பிடுங்கி வாயில் போட்டாள்.