ரவுடியும் சமத்தும்

முன்பு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரி, ஆறு வருடமாக ஆராய்ச்சி நிலையத்துக்காகப் படகில் போய்ச் சுறாக்களைப் படமெடுக்கிறாள். வெளிச்சம் தன் முதுகுக்குப் பின்னால் இருந்தாக வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் மசிய மாட்டாள். அதனால் காலையில் படகு, சுறாக்கள் வரும் கடலடிப் பாறைக்குக் கிழக்கே நிற்கும், மாலையில் மேற்கே. அங்கே சுறாக்கள் எந்நேரமும் தெற்குப் பார்த்தே போகும்.

காலையில் வருவது கன்னத்தில் தழும்புள்ள ‘ரவுடி’. மாலையில் வருவது மாசு மருவற்ற ‘சமத்து’. இரண்டுக்கும் தனித்தனி ஆல்பம்.

“பாரேன், எவ்வளவு அடக்கமா போறா,” என்று சமத்தைக் காட்டி, படகோட்டும் தம்பியிடம் உருகுவாள். போன மாதம் இருட்டும் நேரத்தில் மோட்டாரைக் கடித்த பழியைக்கூட ரவுடி மேல்தான் போட்டாள்.

ஒருநாள் காலை வானம் முழுக்க மேகம். எங்கே நின்றாலும் ஒன்றுதான் என்று தம்பி மேற்கே நிறுத்தினான். ரவுடி வரும் நேரத்துக்குச் சமத்து வந்தது.

“இவளுக்கு இந்நேரத்துல என்ன வேலை? அந்தப் பக்கம் போடா.”

படகு பாறையைச் சுற்றிக் கிழக்கே போனது. அதே சுறா. மறு கன்னத்தில் தழும்பு.

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டான். “அப்போ நம்ம மோட்டாரைக் கடிச்சது யாருக்கா?”

அவள் கேமராவைத் தாழ்த்தினாள்.

“சமத்துதான்,” என்றாள். “அவளுக்கு என்ன கோபமோ.”