அக்கா போன பிறகு மாமா

நான் பௌத்தன் அல்லன். சிதம்பரத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பௌத்தத்தில் சூனியம் பற்றித் தாம் எழுதியதைக் கொண்டுவந்து கொடுத்தார். டைப் செய்தேன். எனக்கும் புத்தருக்கும் அவ்வளவுதான் தொடர்பு.

ஒன்றுமில்லாதது எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. கோயிலில் திரையை விலக்கி வெறும் வெளியைக் காட்டுகிறார்கள். வெளியூர் உறவுக்காரர்களை அழைத்துப்போய் அதைக் காட்டிவிட்டு, இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

பேராசிரியருடைய சூனியம் வேறு. எதற்கும் தனியாக ஓர் இருப்பு கிடையாது. ஒன்றைச் சார்ந்துதான் இன்னொன்று உண்டாகிறது. மகன் பிறக்கும்போதுதான் தகப்பனும் பிறக்கிறான். சார்பு போனால் சார்ந்து நின்றதும் போய்விடும். இதையே பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில் முடித்திருக்கலாம்.

அப்போது என் அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் மாமாவுக்கு, கடலூர் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. லீவு கிடைத்தால் பஸ் ஏறிக் கீரப்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா மீன் குழம்பு வைப்பாள். சாப்பிடுவார், தூங்குவார், சாயங்காலம் கிளம்புவார். பேச்சு ஜாஸ்தி கிடையாது. ஆனாலும் அக்காவுக்குப் பிறகு எனக்கென்று மிச்சமிருந்த ஆள் அவர்தான்.

திருத்துவதற்காக நான் வீட்டுக்கு எடுத்து வந்த பக்கங்களை ஒருநாள் அவர் படித்துவிட்டார். கம்பெனியில் எச்சரிக்கைப் பலகைகளைப் படித்துப் பழகியவர். அச்சில் இருப்பதை அப்படியே நம்புவார்.

"மச்சான், இதுல போட்டுருக்கிறது வாஸ்தவந்தான். ஒங்க அக்கா இருந்தா நான் மாமா. இப்ப நான் யாரு?"

"அதெல்லாம் புஸ்தகத்துக்காக எழுதுறது மாமா."

"இல்லடா. மங்கலம்பேட்டையில பொண்ணு பாத்துருக்காங்க. எங்க அம்மா உசுர வாங்குது. நானும் சரின்னுட்டேன். இனிமே நான் இங்க வந்து ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போனா, வர்ற பொண்ணு என்னா நெனைக்கும்? இதான் கடைசின்னு வச்சிக்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேராசிரியரின் புத்தகத்தை முதல் வரியிலிருந்து மறுக்க ஆரம்பித்தேன். ஒரு புத்தகத்தை டைப் செய்தவனே அதை மறுத்தது எங்கள் கடை வரலாற்றில் அதுதான் முதல்முறை. மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் சொன்னதில் காரணம் என்று எதுவுமே இல்லையே என்றார். உண்மைதான். நீங்கள் வரவேண்டும் என்பதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "கட்டிக்கினு மொதல்ல இங்க கூட்டியா. பொடவ ஒண்ணு கெடக்குது" என்றாள்.

அது படையல் புடவை. எங்கள் பக்கம் சுமங்கலியாகச் செத்தவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைப்போம். படைத்த புடவையை வீட்டு மகள் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே மகளுக்குத்தான் படைத்திருந்தோம். கட்ட ஆளில்லாமல் மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்தது.

மாமா போன பிறகு அம்மாவிடம் சண்டை போட்டேன். "அந்தப் பொண்ணு யாரும்மா நமக்கு?"

"யாருமில்ல. வரட்டும்."

கல்யாணம் முடிந்து வந்தார்கள். வந்தவள் என்னைவிட வயதில் சின்னவள். அம்மா அவளை உள்ளே அழைத்துப்போய் அக்கா படத்துக்குக் கற்பூரம் காட்டிப் புடவையைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். கூடத்தில் மாமாவும் நானும் உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செத்தவள் புடவை வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் யாரும் தப்பு சொல்ல முடியாது. மாமா எழுந்து போய்விடுவார். பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்வோம்.

கதவு திறந்தது. கட்டிக்கொண்டு வந்தாள். முந்தானை தரையில் புரண்டது. அம்மா அதை இழுத்து அவள் இடுப்பில் செருகிவிட்டு, "நின்னுகினே இருக்காத. ஒந்தம்பிக்கு எலையப் போடுடி" என்றாள். அக்கா போன பிறகு அம்மா யாரையும் அப்படி அதட்டியதில்லை.

அவள் இரண்டு இலை போட்டாள். என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"தம்பி, வந்து ஒக்காருங்க."

"சரிக்கா" என்றேன். சொன்ன பிறகு அழுகையை அடக்க முடியவில்லை. மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதையும் கவனிக்காதவர்போல என் இலைக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்தார்.